ஆக்சில் பூட் கிட்: ரப்பருக்கு முழு மார்க், கிளாம்புக்கு முட்டை

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் போர்ஷே 944 ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்க ஆக்சிலுக்கு (சக்கரத்தைச் சுற்றவைக்கிற தண்டு) வாங்கிய இந்த பூட் கிட்டில், அதாவது அந்தத் தண்டின் மூட்டை மூடுகிற ரப்பர் உறையும் அதற்கான சாமானும் அடங்கிய பெட்டியில், ரப்பர் அருமை, தகர வளையம் பரவாயில்லை, சர்கிளிப் (ஜாயிண்ட்டைத் தண்டில் பூட்டி நிறுத்துகிற வளையம்) நன்று, கிரீஸில் கஞ்சத்தனம், கிளாம்ப் சுத்த வேஸ்ட். வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் நல்ல கிளாம்பும் ஒரு டியூப் கிரீஸும் தனியாகக் கையில் வராமல் காரை ஜாக்கில் ஏற்றாதீர்கள். கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒரே சரக்கு நாலு பெயரில் பெட்டி மாற்றி வருகிற சந்தை இது. பெட்டிக்குள் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் எடைபோட்டுவிடலாம்.

சரி, என்ன வேலை இது? 1982 முதல் 1991 வரை வந்த இந்தக் காரில் எஞ்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், விசையை இரு பக்கச் சக்கரத்துக்கும் பிரிக்கிற டிஃபரன்ஷியலோடு ஒரே கூட்டில். அங்கிருந்து இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என இரண்டு ஷாஃப்ட், ஆக்சில் என்று சொன்னது இவைதான். ஒவ்வொரு ஷாஃப்டின் இரு முனையிலும் ஒரு சிவி ஜாயிண்ட், கோணம் மாறினாலும் சீராகச் சுற்றவைக்கிற மூட்டு. ஆக நாலு ஜாயிண்ட், நாலு பூட் ரப்பர். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஷாஃப்டின் கோணமும் நீளமும் மாறிக்கொண்டே இருக்கும், அதை ஜாயிண்ட்டுக்குள் இருக்கிற ஆறு குண்டுகள் சாய்வான பள்ளங்களில் முன்னும் பின்னும் உருண்டு சமாளிக்கின்றன. அந்தக் குண்டுகள் கிரீஸில் மிதக்கிற வரைக்கும் ஜாயிண்ட் பல வருடம் ஓடும். கிரீஸை உள்ளே வைத்திருப்பதும் மண்ணையும் தண்ணீரையும் வெளியே நிறுத்துவதும் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கிற இந்த ரப்பர்தான். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 850 சுற்று சுற்றுகிறது, அப்போது ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலே போதும், கிரீஸ் முழுவதையும் வெளியே வீசிவிடும்.

வெடிப்பு எங்கே வரும் என்றால் மடிப்பின் மேட்டில் இல்லை, பள்ளத்தில். அதனால் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்துவிடக் கூடாது. மடிப்பை விரலால் விரித்துப் பார்க்க வேண்டும், சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஒரு முழுச் சுற்றும் பார்க்க வேண்டும். என் காரில் வெளிப்பக்க ரப்பர் இரண்டிலும் பள்ளத்தில் நெடுக வெடிப்பு, ஒன்றில் கிரீஸ் கசிந்து சக்கரத்தின் உள்விளிம்பில் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. உள்பக்கம் இரண்டும் இன்னும் கிழியவில்லை, ஆனால் அதே வயசு, அதே விறைப்பு. நாலையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம், ஏனென்றால் ஷாஃப்டைக் கழற்றுவதுதான் பெரிய வேலை, ஒரு தடவை கழற்றிவிட்டால் அடுத்த முனையில் கொஞ்சம் நேரம்தான் கூடுதல்.

இந்த நேரத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி, ஜாயிண்ட்டோடு சேர்த்து புது ஷாஃப்டே கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு? சாதாரண காருக்கு நானும் அதைத்தான் சொல்லுவேன். முன்சக்கர டிரைவ் காரில் ஒரு ஷாஃப்டை முழுசாக மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும், கையும் அழுக்காகாது. ஆனால் இந்த மாதிரிப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தொழிற்சாலையிலிருந்து வந்த ஜாயிண்ட் சத்தமில்லாமல் இருக்கிறது என்றால், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு என்ன இரும்பு, என்ன பதம் என்று தெரியாத மலிவு ஷாஃப்டை மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ஸ்போர்ட்ஸ் காரை யாரும் பூப்போல ஓட்டுவதில்லை, முறுக்கு விசையெல்லாம் அந்த ஆறு குண்டுகள் மேல்தான் போகிறது. பழைய ஜாயிண்ட் நன்றாக இருந்தால் அதைக் காப்பாற்றுவதுதான் லாபம். கெட்டுப்போயிருந்தால் பூட் கிட் வாங்குவதே வீண். திருப்பத்தில் டக் டக் என்று தட்டும் ஜாயிண்ட்டுக்குப் புது ரப்பர் போட்டால் தட்டல் நிற்காது.

அப்புறம் வெட்டு பூட் என்று ஒன்று வருகிறது, ஷாஃப்டைக் கழற்றாமலேயே பக்கவாட்டில் சுற்றி, பசை போட்டோ சின்ன ஸ்குரூ போட்டோ மூடுகிற வகை. வழியில் நின்றுபோன காரை வீடு சேர்க்க அது ஒரு வழி. நிரந்தர வேலைக்கு வேண்டாம். ஒட்டுகிற விளிம்பில் ஒரு துளி கிரீஸ் பட்டாலும் பசை பிடிக்காது, கிரீஸ் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் கிரீஸ் படாமல் ஒட்டு என்கிறார்கள். அதைவிட முக்கியம், ஜாயிண்ட்டைக் கழற்றாவிட்டால் உள்ளே போன மண்ணைக் கழுவவே முடியாது. மண்ணோடு சேர்த்து மூடிவைத்தால் என்ன பயன்?

இனி கிட்டுக்கு வருகிறேன். ஒரு பெட்டியில் ஒரு ஜாயிண்ட்டுக்கான சாமான்: பூட் ரப்பர், அது உட்காருகிற தகர வளையம், கிளாம்ப் இரண்டு, சர்கிளிப், ஒரு கிரீஸ் பாக்கெட். போல்ட் கிடையாது. ரப்பர் நியோபிரீன். இப்போது பல காருக்குத் தொழிற்சாலையிலேயே தெர்மோபிளாஸ்டிக் பூட் வருகிறது, அது விறைப்பாக, வழுவழுப்பாக இருக்கும், கல் பட்டால் சுலபத்தில் கிழியாது, ஆனால் அதை இறுக்கிப் பிடிக்க நல்ல வலுவான கிளாம்ப் வேண்டும். வீட்டில் வேலை செய்கிறவனுக்கு நியோபிரீன்தான் சௌகரியம் என்பது என் கருத்து, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஷாஃப்டின் மேல் சுலபமாக உட்காரும். இந்த ரப்பரை மொத்தமாக அமுக்கி விட்டுப் பார்த்தேன், உடனே பழைய வடிவத்துக்கு வந்தது, மடிப்புகளில் வெள்ளைக் கோடு விழவில்லை. சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனம். சிறிய வாயின் உட்புறத்தில் அச்சுக்கோடு துருத்திக்கொண்டு இருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மலிவு ரப்பர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கோட்டின் ஓரமாகக் கிரீஸ் வழி கண்டுபிடித்துவிடும். வெளிப்புறத்தில் தயாரித்த மாதமும் வருடமும் காட்டுகிற சின்ன வட்ட முத்திரை இருந்தது. வாங்கியவுடன் பார்க்க வேண்டிய விஷயம் இது. பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் ரப்பருக்கு வயசு ஏறும்.

கிளாம்ப் கதைக்கு வருவோம். மெல்லிய பட்டை, இழுத்து மடித்து நாக்கைத் தட்டி உட்கார வைக்கிற வகை. முதல் கிளாம்பில் நாக்கை மடிக்கும்போதே முறிந்துவிட்டது. இரண்டாவது முறியவில்லை, ஆனால் இறுக்கிய பிறகு ரப்பரின் சிறிய வாயைக் கையால் சுற்றினால் ஷாஃப்டின் மேல் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. அப்படிச் சுற்றினால் அது இறுக்கமே இல்லை. விற்றவருக்கு முறிந்த கிளாம்பின் போட்டோவோடு எழுதினேன், மறுப்புச் சொல்லாமல் உடனே மாற்று அனுப்பினார், நல்ல மனுஷர்தான், வந்ததும் அதே கிளாம்ப்! அதோடு விட்டுவிட்டு, காது வைத்த துருப்பிடிக்காத எஃகு கிளாம்பும் அந்தக் காதை நெரிக்கிற இடுக்கியும் தனியாக வாங்கினேன். பட்டையைச் சுற்றி, கொக்கியை மாட்டி, மேலே எழும்பி நிற்கிற காதை இடுக்கியால் நெரித்தால் முடிந்தது, ரப்பர் அங்குலம் நகராது. கட்டிங் பிளையரால் நெரிக்கலாம் என்று சிலர் சொல்லுவார்கள். காது வெட்டுப்பட வாய்ப்பு இருக்கிறது, இடுக்கியே வாங்கிவிடுங்கள், வாழ்நாள் முழுக்க வரும். பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுவதையும், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற ஸ்குரூ கிளாம்ப் போடுவதையும் மறந்துவிடுங்கள். முன்னது சூட்டில் தளரும், பின்னதில் ஸ்குரூ இருக்கிற பக்கம் மட்டும் கனம் கூடும், சுற்றும்போது பக்கத்தில் இருப்பதில் இடிக்கவும் இடிக்கும்.

கிரீஸ் பாக்கெட்டில் இருந்தது சரியான சரக்கு, மாலிப்டினம் கலந்த கறுப்பு சிவி கிரீஸ். அளவுதான் போதாது. குண்டுகளுக்கு இடையில் அமுக்கி நிரப்பவே பாக்கெட் காலி, ரப்பருக்குள் வைக்க மிச்சமில்லை. அதே மாலிப்டினம் வகையில் டியூப் வாங்கிச் சேர்த்தேன். கையில் கிடக்கிற பேரிங் கிரீஸை எடுத்து நிரப்பாதீர்கள், லித்தியம் அடிப்படைக் கிரீஸும் பாலியூரியா அடிப்படைக் கிரீஸும் கலந்தால் பல சமயம் இளகி ஓடிவிடும். பழைய கிரீஸ் என்ன வகை என்று யாருக்கும் தெரியாது, ஆகவே முழுசாகக் கழுவுவதுதான் வழி.

கிட்டோடு வந்த விளக்கத் தாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முன்சக்கர ஜாயிண்ட் படம் போட்டு ஆறு மொழியில் "தகுதி பெற்ற மெக்கானிக்கிடம் செல்லவும்" என்று எழுதியிருக்கிறது.

வேலையைப் பற்றி. இந்தக் காரில் ஒரு பெரிய சௌகரியம், ஷாஃப்டின் இரு முனையும் ஃபிளாஞ்சில், அதாவது வட்டத் தட்டு முகத்தில், போல்ட் போட்டு நிற்கிறது. சக்கரத்தின் நடுவில் இருக்கிற பெரிய நட்டைத் தொடவே வேண்டாம், சஸ்பென்ஷனைப் பிரிக்க வேண்டாம். ஒரு ஜாயிண்ட்டுக்கு ஆறு போல்ட், மொத்தம் 24. வேலையின் மானம் மரியாதை எல்லாம் இந்த 24 போல்ட்டில்தான். தலையில் குழி வைத்த போல்ட் இவை, காரைப் பொறுத்து ஆறு முனை ஆலன் குழியோ பன்னிரண்டு முனைக் குழியோ இருக்கும். பன்னிரண்டு முனை என்றால் அதற்கான பிட்டே வேண்டும், நட்சத்திர டார்க்ஸ் பிட் கிட்டத்தட்ட உட்காருகிற மாதிரி இருக்கும், திருகினால் குழியை வழித்துக்கொண்டு வந்துவிடும். குழிக்குள் வருடக்கணக்கில் கிரீஸும் மண்ணும் சேர்ந்து கல் மாதிரி இறுகியிருக்கும். கூரான கம்பியால் அடிவரைக்கும் நோண்டி எடுத்து, பிரேக் கிளீனர் அடித்து, மறுபடி நோண்டி, பிட்டை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, அது அடியில் போய் இடிக்கிற சத்தம் மாறுவதைக் கேட்ட பிறகுதான் ராட்செட்டைத் தொட வேண்டும். ஒரு போல்ட்டுக்கு இதற்கு ஆகிற நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் வழிந்துபோன ஒரு போல்ட்டைக் காருக்குக் கீழே படுத்துக்கொண்டு எடுப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு இரண்டு போல்ட்டுக்கும் கீழே ஒரு வளைந்த தகடு இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கழுவித் திரும்பப் போட வேண்டும். போல்ட் புதிதாக வாங்குவதாக இருந்தால் தலையில் பொறித்த எண்ணைப் பார்த்து அதே தரத்தில் வாங்குங்கள், கைக்குக் கிடைத்த 8.8 (சாதாரண வலிமைத் தரம்) போல்ட்டை மாட்டிவிடக் கூடாது.

கார் ஜாக் ஸ்டாண்ட் மேல் நிற்க வேண்டும், வெறும் ஜாக் மேல் அல்ல, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு எட்டுகிற போல்ட்டைக் கழற்றி, பிரேக்கை விட்டு நியூட்ரலில் சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி அடுத்ததைக் கழற்றுவது, இப்படியே போக வேண்டும். ஒரு முனை கழன்றதும் ஷாஃப்டைத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள்.

மேஜைக்கு வந்த பிறகுதான் இந்த வேலையின் ருசி. பழைய ரப்பரை அறுத்து எடுத்தேன், உள்ளே இருந்த கிரீஸை இரு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன். நறநறப்பு இருந்தால் மண் போய்விட்டது என்று அர்த்தம். என்னுடையதில் கிழிந்த பக்கத்து ஜாயிண்ட்டில் லேசாக நறநறத்தது, மற்றவை வழவழப்பாக இருந்தன. சர்கிளிப்பை எடுத்து ஜாயிண்ட்டை ஷாஃப்டிலிருந்து தள்ளும்போது தாங்கு கொடுக்க வேண்டிய இடம் நடுவில் இருக்கிற உள்வளையம். வெளிவளையத்தைத் தாங்கிக்கொண்டு ஷாஃப்டைச் சுத்தியலால் அடித்தால் அடியெல்லாம் குண்டுகள் வழியாகப் பள்ளத்தில் இறங்கும், நன்றாக இருந்த ஜாயிண்ட்டை நாமே கெடுத்தது போலாகும். கழுவிக் காய்ந்ததும் ஒவ்வொரு பள்ளத்தையும் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். குண்டு ஓடின தடம் பளபளப்பாகத் தெரிவது சகஜம். நகம் தட்டுகிற குழி இருந்தால் அந்த ஜாயிண்ட் முடிந்தது. எனக்கு நாலும் தேறின.

குண்டுகளையும் அவற்றைப் பிடித்திருக்கிற கூட்டையும் பிரித்துக் கழுவுகிறவர்கள் எது எங்கே இருந்தது என்று மார்க் போட்டுவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். இந்த வகை ஜாயிண்ட்டில் பள்ளங்களுக்கு இடையே இருக்கிற மேடுகள் ஒன்று அகலம் ஒன்று குறுகல். வெளிவளையத்தின் அகல மேட்டுக்கு நேராக உள்வளையத்தின் குறுகல் மேடு வர வேண்டும். மாறிப் போனால் ஜாயிண்ட் மடங்காமல் இறுகி நிற்கும். ஷாஃப்டில் இருக்கிற குழிவான வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதற்கும் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். இன்னொன்று, பழைய கைகள் சொல்லுகிற ஒரு யோசனை: திரும்ப மாட்டும்போது இடது ஷாஃப்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிவிடுவது. சுற்றுகிற திசை மாறுவதால் பள்ளத்தில் அவ்வளவாகத் தேயாத பக்கத்துக்குச் சுமை போகும். நான் மாற்றித்தான் போட்டேன், காசா பணமா.

ரப்பரை ஷாஃப்டில் ஏற்றும் முன் பல் வெட்டிய முனையில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புது ரப்பரின் வாயை அந்தப் பற்கள் கீறிவிடும். முதலில் சிறிய கிளாம்ப், பிறகு ரப்பர், வளையம், வாஷர், ஜாயிண்ட், கடைசியாக சர்கிளிப். கிட்டோடு வந்த சர்கிளிப் பள்ளத்தில் கிளிக் என்று உட்கார்ந்தது, ஆட்டமே இல்லை, அதற்கு ஒரு சபாஷ். கிரீஸை ஜாயிண்ட்டின் ஒரு பக்கத்திலிருந்து கட்டைவிரலால் அமுக்க, மறுபக்கம் குண்டுகளுக்கு இடையில் புழு புழுவாக வெளியே வரும், அப்படி வருகிற வரைக்கும் அமுக்க வேண்டும். கிளாம்ப் உட்காருகிற இடத்தில் மட்டும் பொட்டு கிரீஸ் இருக்கக் கூடாது. சிறிய கிளாம்பை நெரிக்கும் முன், ஷாஃப்டை நேராக வைத்து, ஜாயிண்ட்டை அதன் ஓட்டத்தின் நடுவில் நிறுத்தி, மழுங்கின ஸ்குரூடிரைவரை ரப்பரின் வாயில் நுழைத்து உள்ளே அடைபட்ட காற்றை விடுங்கள். புஸ் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். விடாமல் இறுக்கினால் ரப்பர் உப்பிக்கொண்டோ உள்வாங்கிக்கொண்டோ இருக்கும், மடிப்பு ஒன்றோடு ஒன்று உரசிச் சீக்கிரமே கிழியும்.

மாட்டும்போது ஃபிளாஞ்சு முகம், போல்ட் மரை, போல்ட் போகிற துளை மூன்றையும் பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிடுவதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இந்த ஆக்சில் போல்ட்டுகள் தளர்ந்து கழலுவது புதிய விஷயமல்ல, பெரும்பாலும் கிரீஸ் பட்ட முகத்தில் இறுக்கியதுதான் காரணம். மேனுவலில் உங்கள் போல்ட் அளவுக்குச் சொல்லியிருக்கிற இறுக்க அளவை டார்க் ரெஞ்சில் (குறித்த விசையில் இறுக்குகிற ஸ்பேனர்) வைத்து, எதிரெதிராக இறுக்கி, கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து 24-ஐயும் மறுபடி ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். நான் சரிபார்த்தபோது சில போல்ட் லேசாக நகர்ந்தன.

ஓட்டிப் பார்த்ததில் சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, சக்கரத்தின் உள்விளிம்பு காய்ந்தே இருக்கிறது. முழுசாக மடங்குகிற நேரத்திலும் ரப்பர் மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை, வடிவமைத்தவர் அளவை ஒழுங்காக எடுத்திருக்கிறார். கிளாம்பில் கொஞ்சம் செலவு செய்திருந்தால் 5-க்கு 5 கொடுத்திருப்பேன், இப்போதைக்கு மூன்றரை. வாங்குகிறவர்கள் ஆர்டர் போடும் முன் உங்கள் ஜாயிண்ட்டின் வெளிவிட்டத்தையும் ஷாஃப்டின் கனத்தையும் வெர்னியர் வைத்து அளந்து விற்கிறவரிடம் எழுதிக் கேளுங்கள், 944 என்று பெயர் ஒன்றாக இருந்தால் அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிப் போடாதீர்கள். காது கிளாம்பும் அந்த ஷாஃப்ட் அளவுக்கு ஏற்றதாக வாங்க வேண்டும், ஆகவே அளந்த எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.